நெஞ்சுக்கை வருத்தம்

மொழிபெயர்ப்பாளர் கிடைத்ததும் கூப்பிடுகிறோம் என்று சொல்லிவிட்டுத் தாதி போய்விட்டாள், போனவள் போனவள்தான், மேகலா கதவுக்கு எதிரே கிடந்த நாற்காலியில் இருந்தபடி கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா, அப்பாவின் இதயத்துக்குள்ளே வால்வைப் பிடித்திருந்த தசை ஒன்று அறுந்துவிட்டதாம், டொக்டர் ஒரு தாளில் படம் கீறிக் காட்டினார், கெட்டிக்காரர், நன்றாகத்தான் கீறினார், ஒரு வீடு, வீட்டுக்கு ஒரு கதவு, கதவின் பிணைச்சல் கழன்றுவிட்டது, இங்கே அதைச் சரிசெய்ய முடியாது, பெரிய நகரத்துக்கு விமானத்தில் கொண்டுபோய் நெஞ்சைத் திறக்க வேண்டும், திறந்தாலும் பிழைப்பாரோ தெரியாது, திறக்காவிட்டால் நாளைக்கு இருக்கமாட்டார். விமானம் வந்து நிற்கிறது. காற்று எழும்பினால் அதுவும் பறக்காது. ஆனால் அதற்கு முதலில் அப்பா சம்மதிக்க வேண்டும், அறிவோடு இருக்கிற மனிதரை அவருடைய வாயால் கேட்காமல் வெட்ட முடியாது, அவருக்கு விளங்கும் மொழியில் கேட்க வேண்டும், அப்படியென்றால் நான் கேட்கிறேனே, நான் அவருடைய மகள், என்று மேகலா சொன்னபோது டொக்டர் மிகவும் தன்மையாக, "மகள் என்றபடியால்தான் கூடாது" என்றார். பயப்படுகிற சொந்தக்காரர் நினைத்ததைச் சொல்லிவிடுவாராம், நோயாளி சொன்னதைச் சொல்லமாட்டாராம். மொழிபெயர்ப்பது அதைப் படித்தவர், தெரியாத ஒருவர், ரெலிபோனில். சரி, பிடியுங்கள் உங்கள் தெரியாத ஒருவரை, கெதியாய்ப் பிடியுங்கள், என்று அவள் சத்தம் போடவில்லை, போட்டிருக்கலாம், தலையை ஆட்டிவிட்டு வந்து இந்த நாற்காலியில் இருந்தாள். யன்னலுக்கு வெளியே மத்தியானம் இரண்டு மணிக்கே இருட்டாய்க் கிடந்தது. இந்த மாதத்தில் இந்தப் பக்கத்தில் சூரியன் எழும்புவதே இல்லை, ஒஸ்லோவில் இருந்து வருகிறவர்களுக்கு அது புதினம், அவள் இங்கே வளர்ந்தவள், அவளுக்குப் புதினமில்லை.

ஒரு தெரியாத ஆளைப் பிடித்துத்தானே முந்தநாளும் கேட்டார்கள். அந்த நினைப்பு வந்ததும் அவள் எழுந்தாள், திரும்பவும் இருந்தாள், அங்கே போகக்கூடாது, அதை இப்போது நினைக்கக்கூடாது, ஆனால் மனம் அங்கேதான் போனது, நாக்கு போய்ச் சொத்தைப் பல்லைத் தடவுவதுபோல. முந்தநாள் அப்பா தன்பாட்டில் பஸ் எடுத்து அவசர வைத்தியரிடம் போயிருக்கிறார். முப்பது வருசத்துக்கு மேல் இந்த நாட்டில் இருந்தும் நோய் வந்தால் அவருடைய நோர்ஸ்க், இந்த நாட்டு மொழி, எங்கேயோ ஓடி ஒளித்துவிடும், அதுவும் மீன் வெட்டுகிற பக்ரறியில் வேலைசெய்து பொறுக்கிய நோர்ஸ்க், அதில் கத்தி உண்டு, பெட்டி உண்டு, ஐஸ் உண்டு, நெஞ்சு இல்லை. ரெலிபோனில் ஒரு தமிழ்ப் பெண்ணைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். இந்தியத் தமிழ். மரியாதையான குரல், அப்பாவே சொன்னார், நல்ல வடிவான தமிழ் பிள்ளை, ரேடியோவிலை கதைக்கிற மாதிரி. அந்த வடிவான தமிழுக்கு அப்பா சொன்னது, "ரெண்டு நாளா வருத்தம் தங்கச்சி. நெஞ்சுக்கை ஒரு மாதிரிப் பாரமாக் கிடக்கு." அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னப் பிள்ளையிடம் இதைச் சொன்னாலும் பிள்ளை ஓடிப்போய்க் கார் பிடித்துக்கொண்டு வரும். நெஞ்சுக்கை என்றால் நெஞ்சுக்குள்ளே, வருத்தம் என்றால் நோய், காய்ச்சல் வருத்தம், சலரோக வருத்தம், வருத்தக்காரன், வருத்தம் பார்க்கப் போவது, வேறு என்ன. அந்தப் பெண்ணுக்கு வருத்தம் என்றால் கவலை. இரண்டு நாளாகக் கவலையாக இருக்கிறேன், மனது பாரமாக இருக்கிறது, என்று சுத்தமாக, ஒரு சொல் கூடாமல் குறையாமல் மொழிபெயர்த்துக் கொடுத்துவிட்டாள், இன்றைக்கு டொக்டர் எடுத்துப் பார்த்த குறிப்பில் அப்படித்தான் இருந்தது. பிழை யாரில்? அவளில் என்று சொல்ல மேகலாவுக்கு ஆசைதான். அவசர வைத்தியரிடம் இருந்த தாதிக்கும் அம்மா போன வருசம் செத்தது தெரியும், சின்ன ஊர், எல்லாருக்கும் எல்லாம் தெரியும், பாவம் மனுசன், மனைவி இல்லாமல் முதல் இருட்டுக்காலம், என்று அவள் அப்பாவுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்து, கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்து, போகும்போது ஒரு பெரிய வெள்ளை லைற்றையும் கொடுத்தனுப்பியிருக்கிறாள், இருட்டால் வருகிற கவலைக்கு இங்கே கொடுக்கிற லைற், காலையில் முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு இருக்க வேண்டும்.

அதை அப்பா அன்றிரவு ரெலிபோனில் சொன்னபோது மேகலா சிரித்தாள். "நல்ல சனங்கள் பிள்ளை. கையைப் பிடிச்சுக்கொண்டே இருந்தவ." "மருந்து ஒண்டும் தரேல்லையோ அப்பா?" "லைற் தந்தவை. இஞ்சை உந்த வருத்தத்துக்கு லைற்தான் மருந்து போலை." அவள் சிரித்தாள், ஏனென்றால் அப்பா சிரித்தார், அப்பா இந்த நாட்டைப்பற்றி இப்படித்தான் எப்போதும் சொல்லுவார், வியப்பும் நக்கலும் பாதிப் பாதி, அவளுக்கு என்ன வருத்தம் என்று கேட்கத் தோன்றவில்லை, இல்லை, தோன்றியது, தடிமன் இருமலாக இருக்கும் என்று நினைத்தாள், அல்லது நினைக்கவே இல்லை, அடுப்பில் சோறு இருந்தது, யாரோ மணி அடித்தார்கள். அப்பா சொன்ன பேச்சுக் கேட்கிறவர். வெள்ளைக்காரன் ஒன்றைச் செய் என்று கையில் தந்தால் அதைச் செய்துதான் தீருவார். நேற்றுக் காலையிலும் இன்றைக்குக் காலையிலும் அந்த லைற்றுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, முகத்தைக் காட்டிக்கொண்டு, உள்ளே பிணைச்சல் கழன்று கழன்று ஆட, மருந்து வேலைசெய்யட்டும் என்று பார்த்துக்கொண்டு இருந்திருப்பார். அந்தக் கதிரைக்குப் பக்கத்தில்தான் விழுந்துகிடந்தாராம். கீழ்வீட்டுக்காரிக்குச் சத்தம் கேட்டிருக்கிறது. மேகலா ஒஸ்லோவில் இருந்து முதல் விமானத்தில் ஓடிவந்து கட்டிலடியில் நின்றபோது அப்பா மூக்கில் குழாயோடு கண்ணைத் திறந்து சொன்ன முதல் பேச்சு, "அந்த லைற்றைத் திருப்பிக் குடுக்கோணும் பிள்ளை, இரவலாத் தந்தவை." கடவுளே, என்ன மனுசன் இவர்.

கதவு திறந்தது, அவள் பாய்ந்து எழுந்தாள், ஒரு தாதி துணிகளை அள்ளிக்கொண்டு வெளியே வந்தாள், வேறு தாதி, இன்னும் இல்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள், தமிழுக்கு ஆள் குறைவு என்றாள். தமிழுக்கு ஆள் குறைவு! இங்கே இத்தனை வருசமாகத் தமிழுக்கு இருந்த ஆள் நான்தான், என்று அவளுக்குச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. ஏழு வயதில் வந்து இறங்கினாள், எட்டு வயதில் அப்பாவின் வாய் அவள்தான். தபாற்கந்தோரில், வரிக் கந்தோரில், வீட்டுக்காரனோடு தண்ணீர்க் குழாய்ச் சண்டையில். அப்பா அவளைக் கவுண்டரின் விளிம்பில் தூக்கி இருத்திவிட்டுப் பின்னால் நிற்பார், தமிழில் சொல்லுவார், அவள் நோர்ஸ்கில் சொல்லுவாள், அவர்கள் சொல்வதை அவள் தமிழில் சொல்லும்வரை அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார், அந்தப் பார்வை, யாரும் அவளை அதற்குப் பிறகு அப்படிப் பார்த்ததில்லை, அவளைக் கட்டினவன்கூட. சொல்லி முடித்ததும், "பிள்ளை சொன்னாச் சரி" என்பார், எதையும் திருப்பிக் கேட்கமாட்டார். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தபோதும் அவள்தான் போனாள், கர்ப்பப்பைக்கு நோர்ஸ்கில் என்ன சொல் என்று அவளுக்குத் தெரியவில்லை, தமிழிலும் தெரியவில்லை, குழந்தை இருக்கிற பை என்று சொன்னாள், டொக்டர் பேனாவை வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சட்டம் வந்தது, பிள்ளைகளை இந்த வேலைக்கு வைக்கக்கூடாது, அவர்களின் தலையில் இதையெல்லாம் ஏற்றக்கூடாது. நல்ல சட்டம். அவளைப்போன்ற பிள்ளைகளை நினைத்துத்தான் கொண்டுவந்திருப்பார்கள். அதைப் பேப்பரில் படித்தபோது மேகலா வளர்ந்த பெண், பஸ்ஸில் இருந்து அழுதாள், அப்பாடா என்று இருந்தது. இப்போது அதே சட்டம் கதவில் நின்று அவளை மறித்தது. நாற்பது வயதுக்காரியைப் பார்த்து நீ பிள்ளை, வெளியே நில் என்றது.

அப்பா மீன் வெட்டுவார் என்று யார் நினைத்திருப்பார்கள்? வெங்காயமும் புகையிலையும் பயிரிட்ட வீட்டில் பிறந்து, வெள்ளிக்கிழமை முட்டைகூடத் தொடாமல் இருந்தவர். பேரம்பலம் என்று பெயர், அந்தப் பெயரை இங்கே ஒருவரும் சொல்லி முடிக்கவில்லை, பக்ரறியில் பேர் என்று கூப்பிட்டார்கள், அது இங்கே ஆண்களுக்கு வைக்கிற பெயராம், அப்பாவுக்கு ஒரே சிரிப்பு, "என்ரை பேர் பேர்" என்று வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் சொல்லுவார். அவளும் அம்மாவும் வந்து இறங்கிய நாளில் விமான நிலையத்தில் ஒரு பெரிய ஜக்கெற்றுக்குள் மெலிந்த ஒரு ஆள் நின்றார், அவளுக்கு ஆளைத் தெரியவில்லை, நாலு வருசம் படத்தில் மட்டும் பார்த்த முகம், படத்தில் இருந்தவருக்குத் தலைமயிர் இருந்தது. அவர் அவளைத் தூக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து முகத்தை மட்டும் நீட்டினார். பிறகுதான் அம்மா சொன்னாள், கையில் மீன் மணம், தேசிக்காய்ப் புளி தேய்த்துக் கழுவியும் போகவில்லையாம், பிள்ளை அருவருக்கும் என்று பயந்தாராம். அவளுக்கு ஒரு மணமும் தெரியவில்லை, தேசிக்காய் மணம்தான் தெரிந்தது, இன்றைக்கும் யாராவது தேசிக்காய் வெட்டினால் அவளுக்கு அந்த விமான நிலையம் வந்துவிடும், எத்தனை விருந்தில் எழுந்து குசினிக்குள் ஓடியிருக்கிறாள். ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் பெற்றாரைக் கூப்பிட்டார்கள், இந்த முறை நீ கதைக்கவேண்டாம் பிள்ளை, அப்பா கதைக்கிறன் என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார், ரீச்சர் பிள்ளையைப்பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டாள், அப்பா நிமிர்ந்து இருந்து, பக்ரறியில் தனக்குத் தெரிந்த நோர்ஸ்க் முழுவதையும் திரட்டிச் சொன்னார்: "என்னுடைய மகள் முதல் தரம். முள் இல்லை." ரீச்சர் சிரித்தாள், மேகலாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போகலாம்போல் இருந்தது, ஒரு கிழமை அப்பாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இப்போது அந்த நாற்காலியில் இருந்துகொண்டு அவள் வாயைக் கையால் பொத்தினாள், பொத்தியும் ஒரு சத்தம் வெளியே வந்தது, தூரத்தில் கூட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். நீங்கள் போகக்கூடாது அப்பா. நான் இதையெல்லாம் யாரிடம் சொல்ல? இந்தப் பகிடிகளுக்குச் சிரிக்க என்னைத் தவிர நீங்கள்தானே மிச்சம், அம்மாவும் இல்லை.

அப்பா ஓம் என்று சொன்னால் போதும். அந்தத் தமிழில் அது ஆமாம், அவ்வளவாவது விளங்கும். ஆனால் அப்பா எந்தக் காலத்தில் ஒரே சொல்லில் பதில் சொன்னார்? பார்ப்பம் என்பார், கடவுள் விட்ட வழி என்பார், பிள்ளையைக் கேளுங்கோ என்பார். ஏலாமக் கிடக்கு என்று சொன்னால், உடம்புக்கு முடியவில்லை என்றுதான் அர்த்தம், அதை அந்தப் பெண் மாட்டேன் என்று எடுத்துவிட்டால்? அந்த இடத்தில் மேகலா குறுக்கே விழுவாள், ரெலிபோனைப் பறிப்பாள், என்னவும் செய்யட்டும். அவள் மனதுக்குள் ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் தட்டிப் பார்த்தாள், எது இங்கே ஒன்று அங்கே வேறு, எத்தனை சொல் இருக்கிறது இப்படி, இத்தனை நாளும் அது பகிடி, இந்தியப் படம் பார்த்துச் சிரித்த பகிடி, இன்றைக்கு ஒவ்வொன்றும் அப்பாவின் நெஞ்சில் வந்து குத்தும் முள். யன்னல் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. காற்றா? இல்லை, வெளியே ஏதோ வாகனம். இல்லை, காற்றுத்தான். அவள் எழுந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், நிற்கவேணும், இந்தக் காற்று நிற்கவேணும், அவர்கள் அந்தப் பெண்ணைப் பிடிக்கவேணும், அப்பா ஓம் சொல்லவேணும், மூன்றும் ஒன்றாய் நடக்கவேணும், அவளால் ஆகக்கூடியது ஒன்றுகூட இல்லை.

"ஆள் கிடைத்துவிட்டது" என்று தாதி வந்து நின்றாள். உள்ளே வரலாம், ஆனால் கதைக்கக்கூடாது. ரெலிபோனை அப்பாவின் தலையணையில் வைத்திருந்தார்கள். அப்பா முந்தியதைவிடச் சின்னதாய்த் தெரிந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது, அவளைக் கண்டதும் கண்ணால் ஒரு சிரிப்பு. ரெலிபோனில் ஒரு பெண் வணக்கம் சொன்னாள், முந்தநாள் வந்தவளோ வேறு யாரோ, இந்தியத் தமிழ்தான். டொக்டர் மெதுவாகச் சொன்னார், வீடு, கதவு, பிணைச்சல், பயணம், ஆபத்து, எதையும் மறைக்கவில்லை. பெண்ணும் மறைக்கவில்லை. "ஐயா, ஆபரேஷன் பண்ணினா பிழைக்க வாய்ப்பு இருக்கு, ஆனா உறுதி சொல்ல முடியாதுன்னு டாக்டர் சொல்றாங்க. பண்ணலைன்னா ரொம்ப நேரம் தாங்காதாம். உங்க விருப்பம் என்னன்னு கேக்கறாங்க ஐயா." நல்லாகத்தான் சொன்னாள். அப்பாவுக்கு எல்லாம் விளங்கியது, முகத்தில் தெரிந்தது. அவர் மேலே கூரையைப் பார்த்தார், பிறகு ரெலிபோனுக்கு இல்லை, டொக்டருக்கு இல்லை, மேகலாவைப் பார்த்துச் சொன்னார்.

"காணும் பிள்ளை."

போதும் பிள்ளை. கோப்பையில் இன்னும் ஒரு கரண்டி சோறு போடப் போனால், கையை மறித்துச் சொல்லுவாரே, காணும், அந்தக் காணும். இவ்வளவு நேரமும் அவள் பயந்த சொற்களில் இது இருக்கவில்லை, ஏனென்றால் பிழையாய் விளங்கும் என்றுதான் அவள் பயந்தாள், சரியாய் விளங்கினால்தான் பயம் என்கிற ஒன்றை அப்பா சொல்லுவார் என்று நினைக்கவே இல்லை. ரெலிபோனில் இருந்தவளுக்கு அந்தக் காணும் தெரியாது. இந்தியாவில் காணும் என்றால் போதும் இல்லை. "காணணுமா ஐயா? பிள்ளையைக் காணணுமா?" அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. பெண் டொக்டரிடம் நோர்ஸ்கில் சொன்னாள், குரலும் கொஞ்சம் இளகியிருந்தது: "எனக்கு என் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்கிறார்." டொக்டரின் முகம் மலர்ந்தது. அவர் அதுவரை வைத்திருந்த சட்டத்தை மறந்து மேகலாவைப் பார்த்தார். "அப்படியென்றால் அவர் வாழ விரும்புகிறார். இல்லையா? சரியா?"

அப்பாவும் அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லு பிள்ளை, இவைக்கு விளங்கேல்லை, நீ சொல்லு, என்று அந்தக் கண் சொன்னது. அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் இரண்டு மொழியும் கிடந்தன, சொல்ல வேண்டிய சொல்லும் அதற்குரிய நோர்ஸ்கும் நுனிநாக்கில் நின்றன, மகள் என்றபடியால்தான் கூடாது என்று டொக்டர் சொன்னது எவ்வளவு சரி, எவ்வளவு சரி.

"யா," என்றாள் மேகலா. "சரி. ஓம் என்கிறார்."

உடனே எல்லாரும் ஓடத் தொடங்கினார்கள், யாரோ கட்டில் சில்லின் தடையை எடுத்தார்கள், யாரோ விமானத்துக்கு ரெலிபோன் அடித்தார்கள். அப்பா மட்டும் அசையவில்லை, அவளைப் பார்த்தபடியே கிடந்தார். எவ்வளவு குறைந்த நோர்ஸ்க் என்றாலும் யா என்றால் என்ன என்று அவருக்குத் தெரியும். இல்லை என்பதற்கு நை, அதுவும் தெரியும், பக்ரறியில் முதல் நாளே படித்த சொற்கள் இரண்டும், டொக்டர் கட்டிலடியிலேயே நின்றார், ஒரு மூச்சு போதும் சொல்ல. அவர் நெடுநேரம் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு, "பிள்ளை சொன்னாச் சரி," என்று கண்ணை மூடிக்கொண்டார். ரெலிபோனில் இருந்த பெண் அதையும் பிழையில்லாமல் மொழிபெயர்த்தாள்.